மேடையில் மட்டும் எரிகிற ஆம்ப்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே போய் ஒரு பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) ரேடியோவை விலை கேட்டுப் பாருங்கள். பாடாது, உள்ளே எலி குடியிருந்த அடையாளம் இருக்கும், குமிழ் ஒன்று குறையும். ஆனாலும் நல்ல விலை சொல்வார்கள். வாங்கிக்கொண்டு போக வெளியூரிலிருந்து ஆளும் வரும். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது அந்த ரேடியோவோடு அதே வண்டியில் ஏறி வந்த ட்ரான்சிஸ்டர் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) ஒன்று அந்தக் கடைப்படி ஏறாது. நேராகக் காயலான் கடைக்குப் போய்விடும். டிரான்ஸ்பார்மரில் உள்ள செம்புக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் உள்ள அலுமினியத்துக்கும் எடை போட்டுக் காசு கொடுப்பார்கள். அவ்வளவுதான் அதன் மதிப்பு.

எனக்கு இது பொறுக்கவில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள் பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் கொண்டுவந்து வீடு கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு வளவு என்கிற உள்முற்றத்தையும் பட்டாலை என்கிற கூடத்தையும் காட்டி அதைத்தான் சொல்கிறோம். பிறகு 1970-களிலும் 80-களிலும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியவர்களின் சாமான்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டேப் ரிக்கார்டர், கிட்டார், சில வீடுகளில் கிட்டாருக்கென்று ஒரு ஆம்ப். அந்த ஆம்ப்கள்தான் எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களுக்குக் கை மாறி, திருவிழா மேடைகளில் விடிய விடியப் பாடின. இளையராஜா 1976-இல் சினிமாவில் இசையமைக்க வந்தபிறகு மேடையில் கிட்டார்காரருக்கு வேலை கூடியது. அந்தப் பாட்டுகளை வாசிக்க கிட்டார் தெளிவாக, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் அதைத்தான் கொடுக்கும். வால்வு ஆம்ப் சத்தம் கூடக் கூட மெல்லக் கரகரப்பாகி இனிக்கும், அது ராக் இசைக்கு அழகு. ட்ரான்சிஸ்டர், தன் எல்லை வரைக்கும் சுத்தமாகவே நிற்கும். ரோலண்ட் கம்பெனி 1975-இல் கொண்டுவந்த ஜாஸ் கோரஸ் 120 முழுக்க ட்ரான்சிஸ்டர் செட். அந்தச் சுத்தமான நாதத்துக்காகவே உலகம் முழுவதும் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து ட்ரான்சிஸ்டர் ஆம்ப்களைக் கையால் சரி செய்ய முடியும். உதிரிகள் பதித்த போர்டில் ஒரு பக்கம்தான் செம்பு ஓடும். ரெசிஸ்டரின் நிறக் கோடுகளைக் கண்ணாலேயே படிக்கலாம். இப்போது வருகிற செட்டுகளில் அரிசிக் குருணையைவிடச் சின்ன உதிரிகள். ஒன்று போனால் போர்டையே மாற்று என்கிறார்கள், போர்டோ கிடைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளத்தூரில் ஒரு அண்ணன் இருக்கிறார். எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர், இன்னும் கை போகவில்லை. அவருடைய ஆம்ப் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஜப்பானில் செய்தது, அவருடைய சித்தப்பா மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது. முன்பக்கப் பெயர்ப்பட்டை எப்போதோ பிய்ந்துபோய் ஒட்டிய பசைத் தடம் மட்டும் இருந்தது. பின்பக்கத் தகட்டில் 240 வோல்ட், 60 வாட் என்பது மட்டும் படிக்க முடிந்தது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, எதிரொலி சேர்க்கும் ஸ்பிரிங் ரிவர்ப். கறுப்புத் துணி மூடிய பெட்டி மூலைகளில் தேய்ந்து மரம் தெரிந்தது.

அண்ணன் சொன்ன குறை இதுதான்: “வீட்ல வச்சு வாசிச்சா தங்கமாப் பாடுது தம்பி. மேடைக்குக் கொண்டுபோனா பாதிக் கச்சேரில படக்குனு போயிருது. ட்ரான்சிஸ்டர் மாத்திக் குடுப்பாங்க, வீட்ல நல்லாருக்கும், அடுத்த கச்சேரில மறுபடியும் போயிரும்.”

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்த வாக்கியத்தைத்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். ஒரே உதிரி திரும்பத் திரும்ப எரிந்தால் குற்றம் அந்த உதிரியில் இல்லை. மாற்றி மாற்றிப் போட்டவர்கள் அடிபட்டதைத்தான் மாற்றினார்கள், அடித்தது உள்ளேயே உட்கார்ந்திருந்தது. வீட்டில் இல்லாத எதுவோ மேடையில் இருக்கிறது. சத்தம் அதிகம், அதிர்வு அதிகம், சூடு அதிகம், ஜெனரேட்டர் கரண்ட். இந்த நான்கில் எது?

முதலில் கரண்ட் கொடுக்காமலே செய்ய வேண்டிய வேலைகள். பின்பலகையைக் கழற்றினால் எங்கள் ஊர்ச் செம்மண் தூசி ஒரு படலமாக எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. பல்லி முட்டை ஓடுகள் ஒரு மூலையில். தூரிகையால் தட்டி, ஊதி எடுத்தபிறகுதான் போர்டு முகம் காட்டியது. பெரிய கண்டன்சர்களில் மிச்சம் இருக்கும் மின்சாரத்தை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை வைத்து இறக்கினேன். வால்வு ஆம்பில் 400 வோல்ட் வரைக்கும் நிற்கும், உயிருக்கே ஆபத்து. இதில் நாற்பதுக்குள்தான். அதற்காக ஸ்குரூ டிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டாம். கண்டன்சரும் கெடும், கண்ணிலும் தெறிக்கும்.

ஹீட் சிங்க்கில் இரண்டு பெரிய ட்ரான்சிஸ்டர்கள், டி.ஓ.3 என்கிற இரும்புத் தொப்பி வகை. இரண்டுமே 2என்3055. டையோடு அளக்கும் இடத்தில் மீட்டரை வைத்து, கரண்ட் ஓடும் இரண்டு முனைகளான கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே தொட்டால், இரண்டு திசையிலும் பூஜ்யம். நல்ல ட்ரான்சிஸ்டரில் இந்த இரண்டுக்கும் நடுவே எந்தத் திசையிலும் தொடர்பு காட்டாது. இது வெறும் கம்பித் துண்டாகிவிட்டது. இரண்டுமே போயிருந்தன. எமிட்டரில் இருக்கும் 0.47 ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று கருகி அறுந்திருந்தது.

பெயர்ப்பட்டை இல்லாததால் சர்க்யூட் படம் தேட வழியில்லை. போர்டைப் பார்த்து நானே தாளில் வரைந்தேன். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் வரைந்து முடிக்கும்போது செட் நம் மனதுக்குள் வந்துவிடும். இனி இந்த மாதிரி செட் கைக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வரைந்து பாருங்கள் என்பேன்.

படம் சொன்னது இது. பிளஸ் பக்கம் 37 வோல்ட், மைனஸ் பக்கம் 37 வோல்ட், நடுவில் பூஜ்யம். இரண்டு பெரிய ட்ரான்சிஸ்டர்களும் தேக்கு அறுக்கும்போது ரம்பத்தின் இரண்டு முனையைப் பிடித்திருக்கும் ஆட்கள் மாதிரி. மேலே உள்ளது இழுக்கும்போது கீழே உள்ளது விட்டுக்கொடுக்க வேண்டும், அப்புறம் கீழே உள்ளதன் முறை. இரண்டும் என்.பி.என். வகைதான் (பி.என்.பி. என்பது கரண்ட் அதற்கு எதிர்த்திசையில் ஓடும் வகை). அந்தக் காலத்தில் பெரிய பவர் தாங்கும் பி.என்.பி. ட்ரான்சிஸ்டர் நல்லதாக, மலிவாகக் கிடைக்காது. அதனால் இரண்டு பக்கமும் என்.பி.என். போட்டு, கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் ஒரு சின்ன பி.என்.பி.யை முன்னால் நிறுத்திச் சமாளித்தார்கள்.

இங்கேதான் முதல் விடை கிடைத்தது. 2என்3055 தாங்கும் வோல்ட் 60. அறுபதுகளில் ஆர்.சி.ஏ. கம்பெனி கொண்டுவந்த ட்ரான்சிஸ்டர் அது. 15 ஆம்பியர், 115 வாட். நம் நாட்டில் பாரத் எலக்ட்ரானிக்ஸின் பி.இ.எல். முத்திரையோடும் வந்தது. மைக் செட் பழுது பார்க்கிற எல்லோருடைய டப்பாவிலும் அது இருக்கும். கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், வடிவமும் ஓட்டையும் அப்படியே பொருந்தும். ஆனால் இந்த செட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது ஒவ்வொரு ட்ரான்சிஸ்டர் மேலும் 37 வோல்ட்தான். வீட்டில் மெதுவாக வாசித்தால் அது 45, 50 வரை ஏறி இறங்கும். பிழைத்துக்கொள்ளும். மேடையில் முழுச் சத்தம் வைத்தால்? 8 ஓம் ஸ்பீக்கரில் 60 வாட் வர வேண்டுமானால் வெளியீடு 31 வோல்ட் உச்சத்துக்குப் போக வேண்டும். மேல் ட்ரான்சிஸ்டர் அதை 31-க்குத் தூக்கும் நேரத்தில், ஓய்ந்திருக்கும் கீழ் ட்ரான்சிஸ்டரின் மேல் 31-உம் 37-உம் சேர்ந்து 68 வோல்ட். தாங்கும் அளவு 60. ஜெனரேட்டர் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் 70-ஐத் தாண்டும்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார், “அப்ப ஜப்பான்காரன் முதல்ல போட்டதும் ஏன் தம்பி போச்சு? அது சரியானதத்தான போட்டிருப்பான்?”

அருமையான கேள்வி. கம்பெனியில் போட்ட அசல் ட்ரான்சிஸ்டர் எண்பதுகளிலேயே ஒரு மேடையில் எரிந்தது என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். 2என்3055 பின்னால் வந்து சேர்ந்த தப்பு. அதற்கு முன்பே இன்னொன்று இருந்திருக்க வேண்டும்.

60 வோல்ட்டுக்குப் பதிலாக 140 வோல்ட் தாங்கும் எம்ஜே15003 இரண்டு வாங்கினேன். 2என்3773-உம் 140 வோல்ட்தான், அதுவும் ஆகும். எதை வாங்கினாலும் போலி வராமல் பார்க்க வேண்டும். இந்த இரும்புத் தொப்பி ட்ரான்சிஸ்டர்களில் போலி அதிகம். வெளியே பெரிய எண் அச்சடித்திருக்கும், மூடியை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற சிலிக்கான் சில்லு மிளகு அளவுகூட இருக்காது. தின்னரில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் எழுத்து அழிகிறதா, அசலோடு ஒப்பிட்டால் எடை குறைகிறதா, விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவா என்று பார்ப்பேன். அசலுக்கு உரிய விலை கொடுக்க மனம் வரவில்லையென்றால் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

மாட்டும்போது மைக்காத் தகடு, இரண்டு பக்கமும் வெள்ளைப் பேஸ்ட் மெல்லிசாக. டி.ஓ.3-இல் தொப்பியே கலெக்டர். அது ஹீட் சிங்க்கைத் தொட்டால் எல்லாம் முடிந்தது. ஆகவே திருகை இறுக்கியபிறகு மீட்டரால் தொப்பிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தொடர்பில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து சீரிஸ் பல்ப். பழுது பார்க்கிறவன் மேசையில் இதைவிடப் பெரிய காவல் எதுவும் கிடையாது என்பது என் எண்ணம். 60 வாட் குண்டு பல்ப் ஒன்றை செட்டுக்குப் போகும் கரண்ட் பாதையில் தொடராக மாட்டுவது, அவ்வளவுதான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், செட்டுக்குள் எதுவும் எரியாது. சரியாக இருந்தால் ஒரு நொடி மின்னி மங்கிவிடும். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால்தான் இந்த வித்தை நடக்கிறது. எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது, இழை போட்ட பல்ப்தான் வேண்டும். இப்போது பெட்டிக்கடைகளில் குண்டு பல்ப் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது. பார்க்கிற இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரை மாட்டவில்லை. இந்த வகை ஆம்பில் வெளியீடு நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது, நடுவில் காப்பாற்ற டிரான்ஸ்பார்மரோ கண்டன்சரோ இல்லை. ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் 37 வோல்ட் முழுதும் ஸ்பீக்கர் சுருளில் இறங்கிப் புகை வரும். வால்வு ஆம்ப் பழகியவர்கள் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டப் பயப்படுவார்கள். அங்கே அது நியாயம், ஸ்பீக்கர் இல்லாவிட்டால் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் போய்விடும். இங்கே அந்தப் பயம் வேண்டாம். ஸ்பீக்கர் வயர் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

சுவிட்சைப் போட்டேன். பல்ப் மின்னி மங்கியது. வெளியீட்டில் டி.சி. (ஒரே திசையில் நிற்கும் மின்சாரம்) 18 மில்லிவோல்ட். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். அழகாக இருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் நானும் இதை “வீட்டில் நன்றாகப் பாடும்” நிலைக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மேடையில் அதிர்வு அதிகம் என்று முதலிலேயே யோசித்து வைத்திருந்தேன் அல்லவா. ஒரு பென்சிலின் பின்முனையால் போர்டைத் தட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு உதிரியாக, லேசாக, கண்ணைப் பல்பிலேயே வைத்துக்கொண்டு. முன்பக்கம் ஒன்றும் இல்லை. பெரிய கண்டன்சர்கள், ஒன்றும் இல்லை. ஹீட் சிங்க்கில் திருகி வைத்திருந்த ஒரு சின்னக் கறுப்பு உதிரியிலிருந்து போர்டுக்கு இரண்டு வயர் வருகிறது. அதில் சிவப்பு வயரைப் பென்சில் தொட்டது. பல்ப் பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரிந்தது. பென்சிலை எடுத்தேன், மங்கியது. மறுபடி தொட்டேன், எரிந்தது.

அந்தக் கறுப்பு உதிரிக்குள் மூன்று டையோடு அடுக்கு. அதன் வேலையைச் சொல்ல வேண்டும். ரம்பம் இழுக்கும் இரண்டு ட்ரான்சிஸ்டர்களும் முறை மாறும் இடத்தில் ஒரு கணம் இரண்டுமே விட்டுவிட்டால் சத்தத்தில் ஒரு சிராய்ப்பு கேட்கும். அதைத் தவிர்க்க, சும்மா இருக்கும்போதும் இரண்டிலும் கொஞ்சூண்டு கரண்ட் ஓடும்படி வைப்பார்கள். அந்தக் கொஞ்சூண்டை நிர்ணயிப்பது இந்த டையோடு அடுக்கின் மேல் நிற்கும் 1.8 வோல்ட். ட்ரான்சிஸ்டர் சூடானால் அதில் கரண்ட் கூடும், கூடினால் இன்னும் சூடாகும், அப்படியே போனால் எரிந்துவிடும். டையோடும் அதே ஹீட் சிங்க்கில் இருப்பதால் அதுவும் சூடாகி, ஒவ்வொரு டிகிரிக்கும் ஒவ்வொரு சந்தியும் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். கரண்ட் அடங்கும். இந்தக் காவல்காரனின் வயர் அறுந்தால் 1.8 வோல்ட் என்கிற கட்டுப்பாடே போய்விடும். இரண்டு ட்ரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு இழுக்கும். பிளஸ்ஸிலிருந்து மைனஸ்ஸுக்கு நேர்வழி திறந்துவிடும். அப்போது எந்த ட்ரான்சிஸ்டரும் தாங்காது, 140 வோல்ட்காரனும் தாங்க மாட்டான்.

வயரின் மேல்தோலைச் சீவிப் பார்த்தேன். உள்ளே ஒற்றைக் கம்பி. டையோடின் காலோடு பற்ற வைத்த இடத்துக்குச் சற்று மேலே, ஈயம் ஊறி விறைத்துப்போய், விறைப்பு முடிகிற எல்லையில் அறுந்திருந்தது. அறுந்த இரண்டு முனையும் மேல்தோலுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்தன. ஆகவே மேசையில் வைத்து மீட்டரால் அளந்த யாருக்கும் அது தெரிந்திருக்காது. வேனில் ஏறி ஊர் ஊராகக் குலுங்கி, மேடையில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் பக்கத்திலேயே அதிரும்போது மட்டும் விலகும். விலகினால் ஒரு கணம் போதும்.

இந்த இடத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத வேண்டும். இத்தனை வருஷம், இத்தனை கச்சேரி, கைமாறிப்போன அத்தனை ட்ரான்சிஸ்டர்கள். காரணம் ஒரு சாண் நீள வயர்.

பல இழை உள்ள மெத்தென்ற வயரைப் புதிதாகப் போட்டேன். இரண்டு முனையிலும் சுருங்கும் குழாய் மாட்டி, அதிர்வு பற்றவைப்பில் இறங்காதபடி நடுவில் ஒரு கட்டும் கட்டினேன். போர்டில் மற்ற பற்றவைப்புகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஈயத்தைச் சுற்றி மயிரிழை வட்டமாக வெடித்திருந்த இடங்களைப் புதுப்பித்தேன். பிறகு எமிட்டர் ரெசிஸ்டரின் மேல் 10 மில்லிவோல்ட் வரும்படி குட்டித் திருகைச் சரி செய்தேன். 0.47 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 21 மில்லியாம்ப். போதும்.

சுமைக்கு 8 ஓம் கம்பிச்சுருள் ரெசிஸ்டரை வைத்துச் சோதித்துவிட்டு ஸ்பீக்கரை மாட்டினேன். சத்தமே இல்லை. வெளியீட்டு முனையில் சிக்னல் ஜம்மென்று இருக்கிறது, ஸ்பீக்கர் முனையில் இல்லை. நடுவில் இருப்பது ஹெட்போன் சாக்கெட் ஒன்றுதான். ஹெட்போன் பின்னைச் செருகினால் ஸ்பீக்கர் தானாக அணையும்படி அதற்குள் ஒரு தகடு இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்கெட்டுக்குள் குளவிக்கூடு. செம்மண்ணைக் குழைத்து அழகாக அடைத்து வைத்திருந்தது. அந்த மண் தகட்டைத் தூக்கி நிறுத்தி, ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே செட்டை நம்ப வைத்துவிட்டது. ஊசியால் குத்தி எடுத்து, தகட்டில் காண்டாக்ட் கிளீனர் விட்டுத் துடைத்தேன். எங்கள் பக்கம் ஆம்ப் வைத்திருக்கிறவர்கள் சாக்கெட் ஓட்டைகளை எல்லாம் டேப் ஒட்டியாவது மூடி வையுங்கள். மண்கூடு கட்டும் குளவிக்கு அந்தக் கால் அங்குல ஓட்டை அளவெடுத்தது போலப் பொருந்திப்போகிறது.

இப்போது சத்தம் வந்தது, கூடவே ஒரு ஹம். அண்ணன் அன்று வந்திருந்தார். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உற்றுக் கேட்டுவிட்டு, தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி மீட்டினார். “ஜி-க்கு ஒரு முடி மேல நிக்குது தம்பி” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் பாதி வேலை முடிந்தது. அந்த ஜி 98 ஹெர்ட்ஸ். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதை டி.சி. ஆக்கும் டையோடு பாலத்தைத் தாண்டினால் அது 100 ஆகிவிடும். ஆக, ஹம் பவர் சப்ளையில் இருந்து வருகிறது, பெரிய கண்டன்சர்கள் வற்றிவிட்டன. எர்த் கோளாறோ வெளியிலிருந்து ஏறும் ஹம்மோ என்றால் பெரும்பாலும் 50-இல் கேட்கும், ஒரு ஸ்தாயி கீழே. காது பழகிய இசைக்காரர் பக்கத்தில் இருந்தால் கருவி வாங்காமலே கண்டுபிடிக்கலாம். மீட்டரை ஏ.சி.யில் வைத்து அளந்தால் மைனஸ் பக்கத்தில் ஒன்றரை வோல்ட் அலை. சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது.

இந்தக் கண்டன்சருக்குள் இருப்பது அலுமினியத் தகடும் அதன் மேல் மின்வேதி முறையில் வளர்த்த ஆக்சைடுப் படலமும் நனைந்த காகிதமும்தான். அதில் உள்ள திரவம் சூட்டில் மெல்ல வற்றும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு மச்சில் கிடந்த செட் இது. மின்வேதியியலுக்கென்றே 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த ஆய்வு நிறுவனம் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. அடிக்கல் நாட்டுவதற்கு ஏழு மாதம் முன்புதான், 1947 டிசம்பரில், அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் முதல் ட்ரான்சிஸ்டர் வேலை செய்தது. அந்த வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

அசல் 4700 மைக்ரோ ஃபேரட், 50 வோல்ட். நான் போட்டது அதே 4700, 63 வோல்ட், 105 டிகிரி வகை. ஹம் அடங்கியது. மற்ற சின்னக் கண்டன்சர்களை எல்லாம் மொத்தமாகப் பிடுங்கி மாற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. அளந்து பார்த்து நல்லதாக இருப்பதை ஏன் எடுக்க வேண்டும்? ஐம்பது இடத்தில் இரும்பு வைத்தால் பழைய போர்டில் செம்பு உரிந்துவரும், புதிய கோளாறு ஐந்து சேரும். குமிழ்களின் கரகரப்புக்குக் காண்டாக்ட் கிளீனர் போதுமாக இருந்தது. ரிவர்ப் தொட்டியில் முடி கனத்தில் ஒரு வயர் அறுந்திருந்ததைப் பற்ற வைத்தேன், அது கொஞ்சம் கை நடுங்குகிற வேலை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்காமலே மாற்றினேன். செட்டுக்கு இரண்டு முள் பிளக்தான் இருந்தது, எர்த் கிடையாது. லைனுக்கும் சேசிஸ் என்கிற உலோகச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கண்டன்சர் வேறு. அது கசிந்தால் சேசிஸ் வழியாக கிட்டார் கம்பி வரை கரண்ட் வரும். மேடையில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தவருக்குச் சுரீரென்று அடிப்பது பெரும்பாலும் இதனால்தான், ஆளையே எடுத்த சம்பவங்களும் உலகத்தில் உண்டு. அந்தக் கண்டன்சரை எடுத்துவிட்டு மூன்று கோர் வயரும் மூன்று முள் பிளக்கும் போட்டு, எர்த்தைச் சேசிஸ்ஸில் தனித் திருகு வைத்து இறுக்கினேன். ஜெனரேட்டரில் ஓட்டினால் எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று மைக் செட்காரரிடம் கேட்டுவிட்டுப் பிளக்கைச் செருகச் சொல்லியிருக்கிறேன்.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவை ஒட்டி ஒரு மேடையில் அண்ணன் அதை வைத்து வாசித்தார். முழுச் சத்தம், கடைசிப் பாட்டு வரை. இடைவேளையில் போய் ஹீட் சிங்க்கில் கை வைத்துப் பார்த்தேன். கை பொறுக்கிற சூடுதான்.

முன்னால் இந்த செட்டைத் திறந்த ஒருவர்கூட உள்ளே ஒரு குறிப்பு எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் எண்பதுகளிலேயே இது முடிந்திருக்கும். அதனால் நான் வரைந்த சர்க்யூட் படத்தின் நகலைப் பின்பலகையின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். அதன் கீழே பேனாவில் எழுதியது: பிளஸ் 37, மைனஸ் 37. வெளியீட்டில் டி.சி. 18 மில்லிவோல்ட். எமிட்டர் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட். டையோடு அடுக்கில் 1.8 வோல்ட், வயர் மாற்றியது, அடுத்த முறை திறந்தால் இதை முதலில் ஆட்டிப் பார்க்கவும். வெளியீட்டில் எம்ஜே15003, இல்லையென்றால் 2என்3773. 2என்3055 போட வேண்டாம், 60 வோல்ட் இங்கே பத்தாது.